அழித்த தாள்கள்

எங்கள் வீட்டில் பேனைக்கு மரியாதை அதிகம். யோசிக்கிற வேலைக்கெல்லாம் அதை எடுப்பதில்லை. யோசிப்பது பென்சிலால். யோசித்து முடிந்ததை நல்ல தாளில் இறக்குவதுதான் பேனையின் வேலை. இறக்கிய பிறகு பென்சில் எழுத்தை அழித்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தத் தாளுக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சட்டமாகச் சொல்லித் தந்ததில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுபோல எழுதிய தாளை அழித்து அடுக்கி வைப்போம்.

இந்தப் பழக்கம் அம்மாவோடு வந்தது. அம்மாவின் ஊர் காங்கேசன்துறைக்குப் பக்கத்தில். சண்டைக் காலத்தில் உடுத்த உடுப்போடு எழும்பி வந்து அச்சுவேலியில் ஒதுங்கிய குடும்பம். கடதாசியும் பென்சிலும் குடாநாட்டுக்குள் இலேசில் வராத அந்த வருடங்களில்தான் அம்மா சாதாரண தரச் சோதனைக்குப் படித்தார். கணக்குக்கும் தமிழுக்கும் சமயத்துக்கும் சேர்த்து ஒரே கொப்பி. எழுதுவது, பாடமாக்குவது, அழிப்பது, அதன்மேல் எழுதுவது. "அழிச்ச இடத்திலை திருப்பி எழுதேக்கை முதல் எழுதினது மனசிலை கிடக்கும்" என்று அம்மா சொல்வார். சோதனை நேரத்தில் மறுபடி இடம்பெயர வேண்டி வந்ததால், மனதில் கிடந்தது அங்கேயே கிடந்துவிட்டது.

அப்பா நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா அச்சுவேலியில் மிக்சரும் முறுக்கும் பைகளில் அடைக்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பையின் வாயைச் சூடான இரும்பில் வைத்துப் பெருவிரலால் அமத்தி ஒட்டுகிற வேலை. நாள் முழுக்க அமத்தி அமத்தி வலக்கைப் பெருவிரலின் மூட்டு நெல்லிக்காய்போல வீங்கிவிட்டது. கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன டொக்டருக்கு அம்மாதான் ஆறுதல் சொன்னார்: "பிள்ளை படிச்சு முடியட்டும் ஐயா, பிறகு ஓய்வுதானே." ஆக, என் படிப்பு ஒரு வருடம் நீண்டால் அந்த விரல் இன்னும் ஒரு வருடம் அமத்த வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு அவ்வளவுதான். அதைப் போட எனக்குக் கொப்பி தேவைப்படவில்லை.

உயர்தரச் சோதனையில் எனக்குப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறியது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தில் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம், அவர்கள் தங்கள் பாட்டில் இருக்கட்டும். காலையில் பஸ் ஏறினால் உரும்பிராய், கோண்டாவில் தாண்டிப் பலாலி வீதியால் போய் இறங்கலாம். வருவதும் அதே வழி. படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். அதுவரை ரியூசன் கொட்டிலில் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைப் பாடமாக்கி, பாடமாக்கியதைச் சோதனைத் தாளில் கொட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள். எங்களை ஆங்கிலப் புத்தகத்துக்கு முன்னால் இருத்தியபோது, நீந்தத் தெரியாதவனைக் கேணிக்குள் இறக்கிய கதைதான்.

அதற்காகவே முதல் வருடத்தில் ஒரு பாடம் வைத்திருந்தார்கள். எப்படி வாசிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது, எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம். இதில் சித்தியடையாவிட்டால் இரண்டாம் வருடம் இல்லை. மற்றப் பாடங்களில் தங்கமே எடுத்தாலும் முதல் வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

"இந்தப் பாடத்துக்குச் சோதனை இல்லை" என்று முதல் நாளே அதைப் படிப்பிக்க வந்த மிஸ் சொன்னார். நடுத்தர வயது, ஒல்லியான உருவம், பருத்திச் சேலை, எப்போதும் தொண்டை கட்டின குரல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சோதனை இல்லாத பாடம் என்றால் எங்களுக்குக் கல்யாண வீடு. அதற்குப் பிறகுதான் போர்ட்போலியோ என்ற சொல் வந்தது. நாங்கள் அதை அன்றைக்கே பைல் ஆக்கிவிட்டோம். கிழமைக்கு ஒரு ஆங்கிலக் கட்டுரை. வாசித்து, கீறி, ஓரத்தில் கேள்வி எழுதி, சுருக்கம் எழுதி, அதைத் திருத்தி, மறுபடி திருத்தி, கடைசியில் 'இதில் நான் என்ன கற்றேன்' என்று ஒரு பக்கம். வருட முடிவில் எல்லாவற்றையும் ஒரு பைலில் கோத்துக் கொடுக்க வேண்டும். "எனக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் மட்டும் காணாது, வந்த வழியும் வேணும்" என்றார் மிஸ். நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்களை அடிக்க ஆளில்லை.

வந்த வழி என்பதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்றால், வழியைப் பற்றி எழுத வேண்டும் என்று. எழுதினேன். முதலில் இப்படிப் பிழையாக விளங்கினேன், பிறகு இந்த வசனத்தைத் திரும்ப வாசித்தபோது சரியாக விளங்கியது என்று ஒவ்வொரு கிழமையும் பேனையால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பிழைகள் நிறைந்த அந்தத் தாளையே கொண்டுபோய் ஒரு ஆசிரியரின் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் வெட்டிக் கிறுக்கின கொப்பி வெளியே பறந்து விழும். அதை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்ப எழுதி வரவேண்டும். அத்தனை வருடம் பிழையைக் காட்டினால் அடித்தார்கள், இப்போது பிழை எங்கே என்று கேட்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

கடதாசிக்கு நாடே தவித்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. தட்டுப்பாடு போனதே தவிர விலை போகவில்லை. ரியூசன் காலத்து வினாத்தாள்களின் எழுதாத பின்பக்கங்களை அம்மா கட்டாகக் கட்டி அலுமாரியின் மேல் வைத்திருந்தார். அந்தப் பின்பக்கங்களில்தான் நான் அந்த வருடம் முழுக்க யோசித்தேன்.

பின்னேரம் அம்மா வேலையால் வந்து, குளித்து, உலையை வைத்துவிட்டுக் குசினி வாசலில் பலகை போட்டு இருப்பார். "கொண்டா பிள்ளை" என்பார். நான் முதல்நாள் தாள்களைக் கொடுப்பேன். அம்மா அழிறப்பரை எடுப்பார். தாளின் ஒரு ஓரத்தை இடக்கையால் அமத்திப் பிடித்து, மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாகத்தான் தேய்ப்பார். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் கசங்கும் என்பது அவரது சாத்திரம். தூளை ஊதித் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் நிழல் தெரிந்தால் மறுபடி தேய்ப்பார். நான் அழித்தால் பிடிக்காது. "உது அழிச்ச மாதிரியோ? பூனை பிறாண்டின மாதிரிக் கிடக்கு" என்பார்.

அழித்துக்கொண்டே கேட்பார்: "இண்டைக்கு என்ன பாடம்?"

அதுதான் எனக்கு உண்மையான வகுப்பு. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வகுப்பில் விளங்கின மாதிரி நடிக்கலாம், அம்மாவிடம் அது சரிவராது. வாசித்ததைத் தமிழில் சொல்ல வெளிக்கிட்டால்தான் எனக்கு எந்த இடம் விளங்கவில்லை என்பதே தெரியும். ஒருமுறை சுண்ணாம்புக் கல்லின் அடியில் மழைநீர் எப்படித் தேங்குகிறது என்று ஒரு கட்டுரை. இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே வரும், தோட்டத்துக்குப் போட்ட உரமும் அந்த நீரிலேயே இறங்கும் என்று எழுதியிருந்தது. நான் சொல்லி முடித்ததும் அம்மா அழிப்பதை நிறுத்தினார்.

"அப்ப எங்கடை கிணறு சவராப் போனது அதாலையோ?"

எனக்கு அந்த யோசனை வரவே இல்லை. கட்டுரை ஏதோ உலகத்தில் எங்கேயோ நடக்கிற சங்கதி என்றுதான் வாசித்திருந்தேன். திரும்பப் போய்க் கட்டுரையை எடுத்து, அதன் ஓரத்தில் 'இதை எழுதியவர் எங்கள் கிணற்றைப் பார்த்தால் என்ன சொல்வார்?' என்று பென்சிலால் எழுதினேன். அடுத்த நாள் மற்றத் தாள்களோடு அம்மா அதையும் அழித்துவிட்டார் என்றாலும், வாழ்க்கையில் நானாக ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பிறகு வாசிப்பு எனக்குப் பிடித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சுருக்கத்தை ஆறு ஏழு தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் அம்மா அழித்துத் தந்த தாளிலேயே எழுதினேன். கடைசியில் பேனை.

வருட முடிவில் என் பைல் மணப்பெண்போல எடுப்பாக இருந்தது. அம்மா அதற்குப் பழைய சேலைத் துணியில் உறைகூடத் தைத்தார். நவராத்திரியில் சரஸ்வதிக்கு முன்னால் வைத்த புத்தகங்களின் மேல் அதைத்தான் வைத்தார். மூலையில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அடையாளமாக இருந்தது.

பைல்களைக் கொடுத்து இரண்டு கிழமையில் மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் பைல் திறந்து கிடந்தது.

"இருங்கோ" என்றார். இருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கிறியள். வகுப்பிலை ஆகத் திறம் உங்கடைதான் எண்டுகூடச் சொல்லலாம். ஆனா, இது எங்கையிருந்து வந்தது?"

மிஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஒரு திருத்தின தாள் இல்லை. ஒரு வெட்டு இல்லை. கட்டுரையின்ரை ஓரத்திலை எழுதின கேள்வியும் இல்லை. இப்ப போனிலை உள்ள ஏஐயைக் கேட்டால் அது இதைவிடத் திறமா எழுதித் தரும், உங்களுக்குத் தெரியுந்தானே. நான் உங்களைக் கள்ளி எண்டு சொல்லேல்லை பிள்ளை. ஆனா நீங்கள்தான் எழுதினது எண்டதுக்கு எனக்கு என்ன கிடக்கு?"

கள்ளி இல்லை என்று சொல்வதற்கென்றாலும் அந்தச் சொல் அவர் வாயில் வருகிறதே, அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. "எழுதினனான் மிஸ். பென்சிலாலை. பிறகு அழிச்சுப்போட்டம்."

"ஏன் அழிச்சனீங்கள்?"

ஏன் கோப்பையைக் கழுவினீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? "தாள் வேணும் எண்டு" என்றேன். அந்த அறைக்குள் அது பொய்போலத்தான் கேட்டது. எனக்கே அப்படிக் கேட்டது.

அடுத்த நாள் அழித்த தாள்களில் ஒரு கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் ஒவ்வொன்றாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாவம், உண்மையாகவே தேடினார். அம்மாவின் கை அழித்த தாளில் என்ன இருக்கும்? பால்போல இருந்தது.

"இது வெறுந்தாளெல்லோ பிள்ளை" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள் யாழ்ப்பாணம் ரவுணில் இருந்து வருபவள். நல்ல பிள்ளை, கையில் உள்ளதைப் பகிர்ந்து தின்பவள். சோதனைக் காலத்தில் விளங்காதவர்களைக் கூட்டி வைத்து விளங்கினவர்கள் சொல்லிக் கொடுக்கிற குப்பி வகுப்பு எங்களுக்குள் நடக்கும். அவள் இந்தப் பைலுக்கும் ஒரு குப்பி வைத்திருந்தாள். போனைக் கொண்டு முதலில் நல்ல சுருக்கத்தை எழுதுவிப்பது. பிறகு, இதை ஆங்கிலம் மட்டுமட்டாகத் தெரிந்த பிள்ளை எழுதின மாதிரிப் பழுதாக்கித் தா என்று அதையே கேட்பது. பிறகு இன்னும் பழுதாக்கச் சொல்வது. மூன்றையும் வேறு வேறு பேனையால் கையால் எழுதி, ஒன்றில் தேத்தண்ணி சிந்தினால் பைல் தயார். அவளுக்குத் தொண்ணூறுக்கு மேல். 'வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது' என்று மிஸ் சிவப்பால் எழுதியிருந்தார்.

"நீ ஓமெண்டு சொல்லு, பஸ் வாறதுக்கிடையிலை உனக்கும் செய்து தாறன்" என்றாள். "நீ எழுதினதுதானே. எழுதினதைத் திருப்பி எழுதிக் காட்டிறது களவோ?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. நான் விட்ட பிழைகள் உண்மையான பிழைகள். ஒவ்வொன்றும் ஒரு பின்னேரத்தைத் தின்றது. அவை இருந்த இடத்தில் போன் செய்து தந்த பிழைகளை வைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. "பிழைக்கத் தெரியாதவள்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதுவும் சரிதான்.

வெள்ளிக்கிழமை மிஸ் மறுபடி கூப்பிட்டார். "ஒண்டு செய்வம்" என்றார். "புதுசா ஒரு கட்டுரை தாறன். திங்கட்கிழமை காலமை கொண்டு வாங்கோ. முதல் எழுதினதிலை இருந்து கடைசி மட்டும் எல்லாத் தாளும் எனக்கு வேணும். பிழையெல்லாம் அப்பிடியே கிடக்கட்டும். அதைப் பாத்து மிச்சத்தை நான் நம்பிறன். மத்தியானம் புள்ளி முடிவாக்கிற கூட்டம், அதுக்குப் பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது."

கும்பிடாத குறை. பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தக் கட்டுரையை வாசித்தேன். மனித மூளை எப்படி மறக்கிறது என்பது பற்றியது. கோண்டாவில் வருவதற்குள் இரண்டு கேள்வி வந்துவிட்டது. இது என்னால் ஆகும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பேனையால் எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. பேனையைத் தொட்டவுடன் கை நல்ல பிள்ளையாகிவிடுகிறது. பிழை வரவில்லை, யோசனையும் வரவில்லை. ஒரு வசனத்தை எழுதுவதற்கு அரை மணித்தியாலம் அதை மனதுக்குள் தோய்த்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் பேனையை எறிந்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். அதன் பிறகு மடை திறந்த மாதிரித்தான். முதல் தாளில் கட்டுரையைத் தலைகீழாக விளங்கியிருந்தேன். மறதி ஒரு நோய் என்று எழுதியிருந்தேன். இரண்டாவது தாளில் அதை வெட்டி, மறதியும் மூளை செய்கிற வேலைதான் என்று எழுதினேன். அம்பு போட்டேன், வட்டம் போட்டேன், ஓரம் முழுக்கக் கேள்வி. அசிங்கமான தாள்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதோ நான், இதோ நான் வந்த வழி என்று மிஸ்ஸின் மேசையில் வைக்கப் போகிறேன்.

பின்னேரம் அம்மா பலகையைப் போட்டார். "கொண்டா பிள்ளை."

"இண்டைக்கு ஒண்டும் இல்லை அம்மா."

"காலமை துவக்கம் எழுதிக்கொண்டெல்லோ இருந்தனி?"

"வாசிச்சனான்."

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்பதுண்டு. கேட்கத் தேவையில்லை, பதில் தெரியும். இந்தத் தாள்களை அழிக்க வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று அம்மா கேட்பார். சொன்னால், அந்த நிமிடமே ஒரு வருடத்தைப் பின்னோக்கிப் பார்ப்பார். வீங்கின விரலோடு பலகையில் இருந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து அழித்ததெல்லாம் தன் பிள்ளையின் படிப்பைத்தான் என்று விளங்கும். அதை அம்மா தாங்கமாட்டார். திங்கட்கிழமை போனால் எல்லாம் சரியாகிவிடப் போகிறது, பிறகு ஏன் அவரது நெஞ்சில் முள்ளைக் குத்த வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா அழிறப்பரை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பெருவிரலை மற்றக் கையால் பிடித்துவிட்டார். "இண்டைக்குக் கொஞ்சம் கூட நோகுதுதான்" என்றார், யாருக்குமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது, நான்காவது தாள்கள். பின்னேரம் பேனையால் நல்ல தாளில் இறக்கினேன். பென்சில் தாள்களை மடிக்காமல் பையின் அடியில், புத்தகங்களுக்குக் கீழே வைத்தேன். அன்றைக்கும் அம்மா கேட்டார். அன்றைக்கும் இல்லை என்றேன்.

திங்கட்கிழமை விடிய எழும்பிக் குளிக்கப் போனேன். மழை இருட்டு. கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்தது. தலை முழுகி, தலை துவட்டி, விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தபோது அம்மா குசினி வாசலில் பலகையில் இருந்தார். அந்த நேரத்தில் அம்மா அங்கே இருப்பதில்லை. மடியில் அழிறப்பர்த் தூள். பக்கத்தில் என் பை திறந்து கிடந்தது, அதற்குள் சோத்துப் பார்சல்.

"பார்சல் வைக்கேக்கை கண்டனான்" என்று அம்மா சிரித்தார். "என்ரை கை நோகுது எண்டு ஒளிச்சு வைச்சனியோ? எனக்குத் தெரியும், நீ பொய் சொன்னால் உன்ரை மூஞ்சை சொல்லும். இந்தா, எல்லாம் துப்புரவா அழிச்சாச்சு. பள்ளிக்கூடத்திலை எழுதத் தாள் இல்லாமல் நிக்கக்கூடாது."

தாள்களை நீட்டினார். நான்கும் பால்போல இருந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்று சொல்வார்கள். அந்தத் தாழியை உடைத்த கையின் பெருவிரல் மூட்டு சிவந்து கிடந்தது. அவ்வளவு தேய்த்திருந்தார்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அம்மாவின் முகத்தில், மகளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை. தன் கைக்காக மகள் தாளை ஒளித்தாள் என்ற சந்தோசம். அப்படி ஒரு சந்தோசத்தை அப்பா போன பிறகு அந்த முகத்தில் நான் கண்டதில்லை.

"ஓம் அம்மா" என்றேன். "கை நோகும் எண்டுதான்."

பஸ்ஸில் பென்சிலை எடுத்தேன். எழுதினதை மறுபடி எழுதிவிடலாம் என்று பார்த்தேன். என்ன பிழை விட்டேன் என்று நினைவு வந்தது. எப்படி அந்தப் பிழைக்குள் போனேன் என்பது வரவில்லை. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி எழுதுவது எத்தனை பெரிய வேலை என்று அப்போதுதான் கண்டேன். நடத்துனர் ரிக்கற் காசு கேட்டபோது பென்சிலைப் பையில் போட்டேன்.

மிஸ்ஸிடம் நல்ல தாளைக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிச்சம் எங்கை?" என்றார். அம்மா அழித்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாய் தின்றுவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோலத்தான் அது இருந்திருக்கும். அதைவிட, அந்த அறையில் இருந்துகொண்டு அம்மாவின் தலையில் குற்றத்தைப் போட எனக்கு ஏலாமல் இருந்தது. "இல்லை மிஸ்" என்றேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் சலித்துப் போனார் என்று நினைக்கிறேன். அவர் என்னை நம்ப ஆசைப்பட்டவர். அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

முதல் வருடத்தைத் திரும்பப் படித்தேன். வீட்டில், படிப்பு முறை மாறிவிட்டது, எல்லாருக்கும் ஒரு வருடம் கூட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அம்மா அரசாங்கத்தைக் கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு, "பரவாயில்லை, ஒரு வருசந்தானே" என்று விரலை நீவிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்த வருடம் பைலுக்கு வேண்டியதை எல்லாம் நிறுவன நூலகத்திலேயே இருந்து எழுதினேன். பேனையால் யோசிக்கப் பழகினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வெட்டி, கிறுக்கி, ஒன்றையும் எறியாமல், ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே தெரிந்த ஒருவரின் அலுமாரியில் பூட்டி வைத்தேன். சித்தியும் எய்தினேன். சந்தோசம் வரவில்லை.

வீட்டில் அம்மா பின்னேரத்தில் பலகையைப் போட்டு இருப்பார். "இப்ப தாள் ஒண்டும் தாறாயில்லை. கம்பியூட்டரிலையோ எழுதிறது?" என்று கேட்பார். அழிறப்பர் மடியில் சும்மா கிடக்கும். இரண்டு மூன்று நாள் பார்த்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவருக்காக ஒரு தாளைப் பென்சிலால் நிரப்பினேன். அன்றைக்குக் கண்டது, பஸ்ஸில் கேட்டது, எது வந்ததோ அது. ஆங்கிலத்தில்தான், தமிழில் எழுதினால் வாசித்துவிடுவார். அம்மா அழித்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடுக்கி வைப்பார்.

ஒரு நாள் உட்கார்ந்து நடந்தது முழுவதையும் அதே ஆங்கிலத்தில் எழுதினேன். பைலை, மிஸ்ஸை, யன்னல் வெளிச்சத்தை, அந்தத் திங்கட்கிழமையை. உங்களை நான் ஒரு நாளும் குறை நினைத்ததில்லை அம்மா என்று கடைசி வரியாக எழுதினேன். எழுதும்போது அழுதேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? கண்ணைத் துடைத்துவிட்டுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா ஓரத்தை அமத்திப் பிடித்து மேலிருந்து கீழாகத் தேய்த்தார். ஊதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார், மறுபடி பார்த்தார்.

"இண்டைக்கு என்ன பிள்ளை, இப்பிடி அமத்தி எழுதிப்போட்டாய்" என்றார். "எவ்வளவு அழிச்சும் போகுதில்லை."